சுண்ணாம்புப் பாசி: நான் போட்ட ஒரு தப்புக் கணக்கு

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரு கட்டுரையை இன்றைக்கு நானே கிழிக்க வேண்டியிருக்கிறது. கடலில் வாழும் சுண்ணாம்புப் பாசிகளைப் பற்றிய கட்டுரை. அதன் முதுகெலும்பு இந்த ஒரு வாக்கியம்தான்: "சுண்ணாம்புப் பாசிகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, அதைச் சுண்ணாம்பாக மாற்றி, கடலடியில் பூட்டி வைக்கின்றன."

படிக்க நன்றாக இருக்கிறது. எழுதும்போது எனக்கே ஒரு பெருமிதம் இருந்தது. ஆனால் நடுவில் தப்பு.

தப்பைக் கண்டுபிடித்தது நான் இல்லை. எட்டாவது படிக்கும் மகள் பள்ளிக் கண்காட்சிக்கு அந்தக் கட்டுரையை வைத்து ஒரு சார்ட் வரைந்தாள். காற்று, அங்கிருந்து ஒரு அம்புக்குறி, பாசி, இன்னொரு அம்புக்குறி, சுண்ணாம்புப் பாறை. கூடலூரிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு உருவாகும்போது வெளியில என்னம்மா வரும்?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணும் வராது சார்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே சார்ட்டின் பின்பக்கம் பென்சிலால் ஒரு சமன்பாடு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் அதை என் முன்னால் விரித்து வைத்து, "அப்பா, நீங்க எழுதினதைத்தான் நான் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சமன்பாட்டை வார்த்தையில் சொல்கிறேன். ஒரு கால்சியம் அயனியும் இரண்டு பைகார்பனேட் அயனிகளும் சேர்ந்தால் ஒரு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, கிடைக்கும். கூடவே ஒரு தண்ணீர் மூலக்கூறும் ஒரு கரியமில வாயு மூலக்கூறும் வெளியே வரும். கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனில் 90 சதவீதத்துக்கு மேல் பைகார்பனேட்தான். பாசிக்குக் கையில் கிடைப்பது அதுதான். ஆக, சுண்ணாம்பு செய்யும் வேலை கரியமில வாயுவைத் தின்கிற வேலை இல்லை. அதை வெளியே தள்ளுகிற வேலை.

இருபது வருஷமாகக் கோடு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு ஃபங்ஷனுக்குள் என்ன போகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, அது என்ன ரிட்டர்ன் பண்ணுகிறது என்று பார்க்காமல் விட்டால் ஆபீஸில் என்னை யாரும் சும்மா விட மாட்டார்கள். கட்டுரையில் அதைத்தான் செய்திருக்கிறேன்.

இந்தப் பிழை என் ஒருவனுடையது மட்டுமில்லை என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டுகிறேன். அதே வாக்கியம் வார்த்தை முன்னே பின்னே மாறிப் பல இடங்களில் உலவுகிறது. ஏன் நமக்கு இது இவ்வளவு இயல்பாக வருகிறது என்று யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. பள்ளியில் எல்லோரும் செய்த சோதனை: தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் போல மாறும். கரியமில வாயு போகிறது, சுண்ணாம்பு உருவாகிறது. கண்ணால் பார்த்தாயிற்று. சுவருக்கு அடித்த வெள்ளையும் இப்படித்தான் காற்றிலிருந்து வாயுவை வாங்கிக் கெட்டிப்படுகிறது.

ஆனால் அந்தச் சுண்ணாம்பு நீர் எங்கிருந்து வந்தது? கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, அதிலிருந்த வாயுவை முழுக்க விரட்டி, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றியதால் வந்தது. 100 கிராம் சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 44 கிராம் வாயு போய்விடும், 56 கிராம் நீறாத சுண்ணாம்பு நிற்கும். சுவர் அந்த 44-ஐத்தான் மெல்ல மெல்லத் திரும்ப வாங்குகிறது. கடலில் காளவாய் கிடையாது.

அந்தச் சோதனையை நாம் பாதியில் நிறுத்திவிட்டோம் என்பதும் ஒரு காரணம். பால் போல ஆன பிறகும் விடாமல் ஊதினால் மறுபடி தெளியும். சுண்ணாம்பு பைகார்பனேட்டாகக் கரைந்துவிட்டது. அந்தத் தெளிந்த நீர்தான் கடலுக்குக் கிட்டத்தட்ட ஒப்பு. இப்போது அதைக் கொதிக்க வையுங்கள். வாயு வெளியேறும், மறுபடி கலங்கிச் சுண்ணாம்பு படியும். உப்புத் தண்ணீர் ஊர்களில் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தப் பொருக்கு உருவாகும் விதமும் பாசி ஓடு செய்யும் விதமும் வேதியியலில் ஒன்றுதான். பாசி சூடு இல்லாமல், உயிரின் சக்தியைச் செலவழித்துச் செய்கிறது.

வெளியேறும் வாயு முழுசாகக் காற்றுக்குப் போய்விடுவதில்லை. ஒரு பங்கு தண்ணீரிலுள்ள கார்பனேட்டோடு சேர்ந்து கரைந்தே இருந்துவிடும். பவளப்பாறைகள் காற்றுக்கு வாயுவைக் கொடுப்பவையா, எடுப்பவையா என்ற கேள்வியோடு வேர், ஸ்மித், ரியக்கா-குட்லா என்ற மூவர் 1992-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். படியும் ஒவ்வொரு மூலக்கூறு சுண்ணாம்புக்கும் சுமார் 0.6 மூலக்கூறு வாயு வெளியேறும் என்பது அவர்கள் கணக்கு. அதாவது 100 கிராம் சுண்ணாம்புக்குச் சுமார் 26 கிராம். 1994-இல் ஃப்ராங்கின்யூல் குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள்: காற்றில் கரியமில வாயு கூடக் கூட இந்த விகிதமும் கூடும். என் பழைய கட்டுரை எழுதப்படுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இதெல்லாம் அச்சில் இருந்தது. தேடாமல் எழுதியிருக்கிறேன்.

சுண்ணாம்புப் பாசி என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கியது அடுத்த குற்றம். இதில் மூன்று தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று, மன்னார் வளைகுடாவில் பவளத்தோடு வளரும் ஹாலிமீடா. பச்சை நிறத்தில், சில்லறைக் காசுகளை அடுக்கிக் கோர்த்த மாதிரி இருக்கும். செத்தால் அந்தக் காசுகள் உதிர்ந்து வெள்ளை மணலாகும். இரண்டு, கல்மேல் கல்லாகப் படரும் சிவப்புப் பாசிகள். பவளத் திட்டுகளைச் சிமெண்ட் போலச் சேர்த்துப் பிடிப்பவை. மூன்றாவது கண்ணுக்கே தெரியாத காக்கோலித்தோபோர். ஒரு மில்லிமீட்டரில் 200 பேரை வரிசையாக நிறுத்தலாம். சுண்ணாம்புத் தட்டுகளைக் கவசமாகப் போட்டுக்கொண்டு திறந்த கடலில் மிதக்கும். முதல் இரண்டும் கரையோரத்தில் தங்கள் சுண்ணாம்பை விட்டுப் போகின்றன. மூன்றாவது ஆழ்கடலுக்கு அனுப்புகிறது. கணக்கு இங்கேதான் பிரிகிறது, நான் பிரிக்கவில்லை.

காக்கோலித்தோபோரின் கதையே பிழைகளின் கதை என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். 1836-இல் ஏரன்பெர்க் சாக்குக் கல்லில் அந்தத் தட்டுகளைப் பார்த்து, உயிரற்ற படிவம் என்று நினைத்தார். அட்லாண்டிக் தந்திக் கேபிள் போடுவதற்காக 1857-இல் சைக்ளாப்ஸ் கப்பல் கடலடிச் சேற்றை அள்ளி வந்தது. தாமஸ் ஹக்ஸ்லி அதில் அதே தட்டுகளைக் கண்டார். 1868-இல் அதே சேற்று மாதிரிகளில் இருந்த கொழகொழப்பான பொருளை ஆதி உயிர் என்று அறிவித்து பாதிபியஸ் என்று பெயர் வைத்தார். தட்டுகள் அதன் எலும்பு என்றார். சாலஞ்சர் கப்பலில் போன வேதியியலாளர் புக்கானன் அந்தக் கொழகொழப்பு, சேற்றைப் பாதுகாக்க ஊற்றிய ஆல்கஹாலில் விழுந்த கால்சியம் சல்பேட் என்று காட்டினார். ஹக்ஸ்லி 1875-இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். இன்றைக்கு உலகக் கடல்களில் மிக அதிகமாகக் காணப்படும் காக்கோலித்தோபோரின் பெயரில் ஹக்ஸ்லேயி என்று அவர்தான் இருக்கிறார்.

சரி, சுண்ணாம்பு உருவாவதால் வாயு வெளியேறுகிறது என்றால், உலகம் பூராவும் இருக்கும் இந்தச் சுண்ணாம்புப் பாறைகளில் கார்பன் பூட்டப்பட்டிருப்பது பொய்யா? பொய்யில்லை. அதில் பூட்டியவர் யார் என்பதுதான் நான் தப்பாகச் சொன்னது.

இதற்கு என் வீட்டு வாசலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஓவேலியில் எங்கே தோண்டினாலும் செம்மண்ணுக்கு அடியில் வருவது சார்னோக்கைட். சென்னை பல்லாவரத்துப் பாறையும் இதே இனம்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறை மேல் கிடக்கும் கல்லை வைத்து ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. இந்தப் பாறையில் கால்சியம் உண்டு, ஆனால் சுண்ணாம்பாக இல்லை, சிலிக்கேட்டாக. ஜூன் பிறந்து மழை பிடித்தால் எல்லமலை, சூண்டிப் பக்கத்து ஓடைகளெல்லாம் நிறம் மாறி ஓடும். மழை நீரிலும் வேர் மூச்சிலும் இருக்கிற கரியமில வாயு லேசான அமிலமாகிப் பாறையை அரிக்கும். அரிபட்ட கால்சியமும் பைகார்பனேட்டும் பாண்டியாற்றில் இறங்கி, புன்னம்புழையோடு கலந்து, சாலியாறாகி, பேப்பூரில் அரபிக் கடலைச் சேரும்.

சிலிக்கேட் பாறையிலிருந்து ஒரு கால்சியம் கரைந்து போக, இரண்டு மூலக்கூறு வாயு காற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. கடலில் பாசி அந்தக் கால்சியத்தைச் சுண்ணாம்பாக்கும்போது இரண்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஒன்று கல்லில் நிற்கிறது. 100 கிராம் சுண்ணாம்புக்கு: மலை எடுத்தது 88, பாசி விட்டது 44, கல்லில் நிற்பது 44. (முன்னே சொன்ன 26 உடனடியாகக் காற்றுக்குப் போகும் பங்கு; மீதியும் நாளடைவில் கணக்கில் வந்துவிடும்.) உறிஞ்சியது மலை. பாசி ரசீது போட்டுக் கோப்பில் வைத்த குமாஸ்தா, அதுவும் பாதியைத் திருப்பிக் கொடுத்த பிறகு.

கரைந்து வந்தது சார்னோக்கைட் இல்லாமல் பழைய சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் அந்த ஒன்றுகூட நிற்காது. கரையும்போது ஒன்று எடுத்து, படியும்போது ஒன்று விட்டு, வரவும் செலவும் சரி. உலக ஆறுகள் கொண்டுபோகும் பைகார்பனேட்டில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இங்கே எனக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. பாசி சுண்ணாம்பு மட்டுமா செய்கிறது, ஒளிச்சேர்க்கையும்தானே செய்கிறது? உண்மை. அதில் நிஜமாகவே வாயுவை எடுக்கிறது. ஆனால் அப்படிச் செய்த உடம்பில் பெரும்பகுதி மேல்மட்டக் கடலிலேயே தின்னப்பட்டு, மட்கி, வாயுவாகத் திரும்பிவிடும். கொஞ்சம்தான் ஆழத்துக்குப் போகும். அந்தக் கொஞ்சத்தை ஆழத்துக்கு இழுத்துப் போவதில் சுண்ணாம்பு ஓட்டின் எடைக்குப் பங்கு உண்டு என்று 2002-இல் ஆம்ஸ்ட்ராங் குழுவும், கிளாஸ், ஆர்ச்சர் இருவரும் தரவுகளோடு வாதிட்டார்கள். படகுக்கு அடிப்பாரம் மாதிரி. இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஆழத்தில் சுண்ணாம்பும் மட்குப்பொருளும் சேர்ந்து விழுகின்றன என்பதிலிருந்து ஒன்று இன்னொன்றைத் தூக்கிப்போகிறது என்று முடிவு செய்வதற்கு ஒரு எட்டு அதிகம் வேண்டும். இடத்துக்கு இடம் அந்த உறவு மாறுகிறது என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு வாதம், சுண்ணாம்பு செய்வதால் வரும் வாயுவைப் பாசி தன் ஒளிச்சேர்க்கைக்கே பயன்படுத்திக்கொள்கிறது என்பது. அழகான யோசனை. ஆனால் கால்சியம் மிகக் குறைந்த நீரில் வளர்த்தபோது அதே பாசி ஓடு செய்யாமலே ஒளிச்சேர்க்கையை நடத்தியது. அப்படியானால் ஒன்றை நம்பி இன்னொன்று இல்லை.

கடல் அமிலமாவதால் இந்தப் பாசிகள் என்ன ஆகும் என்பதிலும் நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லியிருந்தேன். 2000-இல் ரீபசெல் குழு சுண்ணாம்பு குறையும் என்றது. 2008-இல் இக்லேசியாஸ்-ரொட்ரிகெஸ் குழு கூடும் என்றது. முதல் குழு அமிலம் சேர்த்துத் தண்ணீரை மாற்றியது, இரண்டாவது குழு வாயுவைக் குமிழிவிட்டு மாற்றியது. வளர்த்த பாசியின் ரகமும் வேறு. இது இன்னும் முழுசாகத் தீர்ந்த வழக்கு இல்லை. நான் தீர்ந்த மாதிரி எழுதிவிட்டேன்.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்து, சுண்ணாம்புப் பாசி காற்றைக் கெடுக்கிறது என்று எழுதுவதும் அதே மடத்தனம்தான். அவை கோடிக்கணக்கான வருஷமாக இதே வேலையைச் செய்கின்றன, அந்த வரவு செலவு ஏற்கெனவே கணக்கில் உள்ளது. புதுசாகச் சேர்ப்பது நாம். ஆழ்கடலில் சில ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனால் குளிரிலும் அழுத்தத்திலும் சுண்ணாம்பு திரும்பக் கரைகிறது. அப்படிக் கரையும்போது வாயுவைப் பைகார்பனேட்டாகப் பிடிக்கிறது. நாம் இன்றைக்கு விடும் வாயுவின் பெரும்பகுதியைப் பல ஆயிரம் வருஷங்களில் சமன் செய்யப்போவது கடலடியில் பாசிகள் போட்டு வைத்த அந்தச் சுண்ணாம்புதான். கடலுக்கு ஜெலுசில். என் வாக்கியத்தில் வேலை செய்யும் திசையே தலைகீழ்: சுண்ணாம்பு உருவாகும்போது இல்லை, கரையும்போதுதான் அது வாயுவைப் பிடிக்கிறது.

இது ஏதோ சமன்பாட்டுச் சண்டை என்று தோன்றலாம். இரண்டு இடத்தில் இதற்குப் பணமும் மண்ணும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஒன்று அரியலூர். என் மனைவியின் ஊர் அந்தப் பக்கம். அங்கே நின்னியூர் வட்டாரச் சுண்ணாம்புக் கல்லில் புதைந்திருந்த பாசிகளைப் பெங்களூர் பேராசிரியர் எல். ராமராவும் வியன்னாவின் யூலியஸ் பியாவும் ஆராய்ந்து 1936-இல் வெளியிட்டார்கள். பாசிகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: டிஸோக்ளாடெல்லா சாவித்திரியே, இண்டோபோலியா சத்யவந்தி, அசிகுலேரியா த்யுமத்சேனே. சாவித்திரி, சத்தியவான், மாமனார் த்யுமத்சேனன். எமனிடமிருந்து மீட்ட கதையை ஆறு கோடி வருஷத்துக்கு முன் செத்த பாசிகளுக்கு வைத்த அந்த மனசு எனக்கு மிகவும் பிடித்தது. இன்னும் பழைய, பவளமும் பாசியும் சேர்ந்த கல் கல்லக்குடியில் இருக்கிறது. 1953-இல் பெயர்ப்பலகைக்காகத் தண்டவாளத்தில் படுத்த கதை எல்லோருக்கும் தெரியும், பலகையில் இருந்த டால்மியாபுரம் என்ற பெயர் எதனால் வந்தது என்பதும் தெரியும்: சிமெண்ட் ஆலை.

"சுண்ணாம்புக் கல்லில் இருக்கிற வாயு காற்றிலிருந்து வந்ததுதானே, சுட்டால் திரும்பிப் போகுது, இதுல என்ன தப்பு?" என்று மச்சான் ஒருமுறை கேட்டான். என் கட்டுரையைப் படித்தவன் அப்படிக் கேட்காமல் எப்படி இருப்பான்! அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லலாம். மலை எடுத்த 88-இல் 44-ஐப் பாசி அப்போதே கொடுத்துவிட்டது. மீதி 44-ஐச் சூளை கொடுக்கிறது. அத்தோடு ஏதோ ஒரு மலை கரைந்ததன் பலன் சுழி. சேர்க்கக் கோடி வருஷம், செலவழிக்கச் சூளைக்குள் சில நிமிஷம். நிலக்கரிப் புகை இதற்கு மேல் தனி.

இரண்டாவது, எங்கள் தேயிலை. டார்ஜீலிங் தோட்டங்களில் பசால்ட் பொடி தூவி, பாறை அரிப்பை வேகப்படுத்தி, அதைக் கார்பன் கிரெடிட்டாக விற்கும் முயற்சி நடக்கிறது. நாளைக்கு ஆரோட்டுப்பாறையில் ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவரிடமும் யாராவது வந்து நிற்கலாம். யோசனை மோசமில்லை, வேதியியல் இதே சார்னோக்கைட் கதைதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஒரு கால்சியத்துக்கு இரண்டு மூலக்கூறு என்று கணக்கெழுதுகிறார்களா, கடலில் பாசி ஒன்றைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒன்று என்று எழுதுகிறார்களா? தேயிலை மண் பிஎச் 5-ஐ ஒட்டிய அமில மண். அமோனியா உரம் போட்டுப் போட்டு நைட்ரிக் அமிலம் ஊறியிருக்கிறது. பாறைப் பொடியைக் கரைப்பது கரியமில வாயு இல்லாமல் அந்த அமிலமாக இருந்தால் காற்றிலிருந்து எதுவும் எடுக்கப்படவே இல்லை. மண்ணுக்குக் கால்சியம் கிடைக்கும், அது நல்லதுதான், ஆனால் அதற்குப் பெயர் உரம். கவாத்துக்குக் கவாத்து நாங்கள் போடும் டோலமைட்டிலும் இதே சங்கதி. 1 டன் டோலமைட்டுக்கு 0.13 டன் கார்பன் காற்றுக்குப் போகிறது என்பது ஐபிசிசி தரும் பொது மதிப்பு; அதாவது அதிலுள்ளது முழுக்க.

பழைய கட்டுரையிலிருந்து அந்த வாக்கியத்தை அழிக்கவில்லை. அதன் கீழேயே தேதி போட்டுத் திருத்தம் எழுதியிருக்கிறேன். மகள் சார்ட்டை மறுபடி வரைந்துவிட்டாள்: முதல் பெட்டியில் மலை, பாசியிலிருந்து மேலே போகும் ஒரு அம்புக்குறி. சார் சொன்ன கெட்டில் சோதனையையும் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்டாள். எங்கள் ஓடைத் தண்ணீரை எத்தனை தடவை கொதிக்க வைத்தாலும் ஒரு பொட்டுப் பொருக்குக்கூடப் படியவில்லை; சுண்ணாம்புப் பாறையே இல்லாத ஊர் இது. அரியலூர் மச்சான் பொங்கலுக்கு வரும்போது ஒரு கேன் போர்வெல் தண்ணி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.